ஓடமும் வண்டியும்: வங்காளத்துப் படித்துறைகளின் வரலாறு

"ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வாழ்வின் உயர்வு தாழ்வைக் குறிக்க எழுந்த இம்மொழி, நாம் பிழைப்பை நாடி வந்து குடியேறிய வங்காள நாட்டில் சொல்லுக்குச் சொல் உண்மையாகவே நடந்திருக்கிறது. ரயில் வண்டி ஓடத்தில் ஏறி ஆறு கடந்த நாடு இது. அவ்வரலாற்றை நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில், நமக்குத் தெரிந்த அளவில் எழுதத் துணிந்தோம். நாம் பள்ளி இறுதித் தேர்வுக்கு மேல் படித்தவர் அல்லோம். கார்டன் ரீச்சில் ஆற்றங்கரையை அடுத்த ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் எழுத்தர். பிழை காணும் பெரியோர் பொறுத்தருள்க.

எழுதத் தூண்டியது ஒரு குழந்தையின் கேள்வி. 2024 மார்ச்சு மாதம் ஹூக்ளி ஆற்றின் அடியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. எஸ்பிளனேடிலிருந்து ஹௌரா மைதானம் வரை செல்லும் அப்பாதையில் சுமார் 520 மீட்டர் தூரம் ஆற்றுக்குக் கீழே உள்ளது. அந்த ஆண்டுக் கோடை விடுமுறையில் நம் குடியிருப்பைச் சேர்ந்த பிள்ளைகள் நால்வரை அதில் அழைத்துச் சென்றோம். ஆற்றைக் கடக்கும் இடத்தைக் காட்டச் சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் ஒளிர்ந்தன. முக்கால் நிமிடத்தில் அவை மறைந்தன. ஹௌராவில் இறங்கியதும் நாலாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி, "மாமா, ஆறு எப்ப வரும்?" என்று கேட்டாள்.

உடன் வந்தவர்கள் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இந்த ஊரிலேயே பிறந்தவள். ஆற்றிலிருந்து கால் மைல் தூரத்தில் வளர்பவள். ஒரு நாளேனும் படியிறங்கி அந்த நீரைத் தொட்டவள் அல்லள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளை அழைத்துப் போகாத நம்மைத்தான் சொல்ல வேண்டும். அன்று மாலையே நால்வரையும் ஹௌரா துறையிலிருந்து படகில் ஏற்றி அக்கரை கொண்டு சேர்த்தோம். அன்று முதல், இந்த மாநிலத்தில் பொதுமக்கள் இறங்கிப் படகேறக்கூடிய துறைகள் எங்கெங்கே உள்ளன, அவை எவ்வாறு தோன்றின என்று அறிய முற்பட்டோம்.

துறை என்னும் சொல்

தமிழில் 'துறை' என்றால் நீர்நிலையில் மக்கள் இறங்குமிடம். ஆவடுதுறை, மயிலாடுதுறை, பெருந்துறை என ஊர்ப்பெயரிலேயே துறை கொண்ட நாடு நம்முடையது. வங்காளிகள் இதனையே 'காட்' என்பர். காளிகாட், பேலியாகாட்டா முதலிய பெயர்கள் ஒரு காலத்தில் அங்கே படகு வந்து நின்றதை இன்றும் சொல்கின்றன. 'காலி' என்று முடியும் சுந்தரவனத்து ஊர்கள் பல: நாம்கானாவுக்குக் கிழக்கே போனால் கோட்காலி, தாமாகாலி, சந்தேஷ்காலி என்று தொடரும். அப்பெயர்களில் கால்வாய் ஒளிந்திருக்கிறது. எனவே இந்நாட்டில் துறையைத் தேடுவோர் முதலில் ஊர்ப்பெயரைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

கல்கத்தா நகரத்துத் துறைகள் ஒவ்வொன்றும் ஒரு நூல். (2001 முதல் நகரின் பெயர் கொல்கத்தா, பழங்கதை பேசும்போது பழம்பெயரே நாவில் வருகிறது.) சந்த்பால் துறை, அவ்விடத்தில் மளிகைக் கடை வைத்திருந்த சந்திரநாத் பால் என்பவர் பெயரால் வழங்குவதாகக் கூறுவர். 1774 அக்டோபரில் பிலிப் பிரான்சிஸ் முதலிய ஆலோசனைச் சபையினர் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியது அந்தத் துறையில்தான். தமக்கு 21 பீரங்கி முழக்கம் இல்லாமல் 17 மட்டுமே முழங்கியது என்று அவர்கள் மனம் புழுங்கினார்களாம். வாரன் ஹேஸ்டிங்ஸுக்கும் பிரான்சிஸுக்கும் பின்னர் நடந்த பகை ஊரறிந்தது. ஆளவந்தோர் கணக்குப் பார்த்துக் கோபித்த அதே படிகளில்தான் மளிகைக்காரரின் மூட்டையும் இறங்கியது. துறைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

அதற்கு வடக்கே அர்மீனியத் துறை. 1734இல் மான்வேல் ஹசார் மாலியான் என்னும் அர்மீனிய வணிகர் கட்டியது. தெற்கே பிரின்செப் துறை. அசோகர் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தை 1837இல் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப் 1840இல் மறைந்தார். அவர் நினைவாக எழுந்த வெண்மண்டபம் அது. அவர் தந்த திறவுகோல் இல்லையேல் நம் பாண்டி நாட்டுக் குகைகளில் உள்ள தமிழ்ப் பிராமி எழுத்துகளும் வாய் திறந்திரா. ஆதலால் தமிழர் ஒருமுறையேனும் நின்று வணங்கத் தக்க இடம் அது. ஆனால் அங்கே ஒரு விந்தை உண்டு. கரையை மேடாக்கிச் சாலை அமைத்ததால், மண்டபத்திலிருந்து இன்று நீர் எட்டி நிற்கிறது. துறை இருந்த இடத்திலேயே இருக்க, ஆறு விலகிப் போயிற்று.

சங்கிலியிட்ட அரசி

துறைகளின் வரலாற்றில் நாம் மறக்கவொண்ணாத பெயர் ராணி ராசமணி. 1793இல் எளிய குடும்பத்தில் பிறந்து, செல்வர் ராஜசந்திர தாசை மணந்து, கணவர் மறைந்தபின் பெரும் சொத்தைத் தாமே ஆண்டவர். தட்சிணேசுவரம் காளி கோயிலை 1855இல் எழுப்பியவர் அவரே. 1830இல் கட்டப்பட்ட பாபு துறை, பாபு ராஜசந்திர தாசின் பெயரால் விளங்குவது.

அந்நாளில் ஹூக்ளி ஆற்றில் மீன் பிடிப்போர் மீது கம்பெனி அரசு வரி விதித்தது. வலை வீசுவோர் கப்பலுக்கு இடையூறு என்பது அரசு சொன்ன காரணம். மீனவர்கள் பலரிடம் முறையிட்டுப் பயன் காணாது ராணியிடம் வந்தனர். அவர் வாதாடவில்லை, மனு எழுதவில்லை. பத்தாயிரம் ரூபாய் செலுத்தி ஆற்றின் ஒரு பகுதியைக் கம்பெனியிடமே குத்தகைக்கு எடுத்தார். பிறகு, மட்டியாபுருசுக்கும் குசுரிக்கும் இடையே ஆற்றில் இரும்புச் சங்கிலி கட்டிக் கப்பல் போக்குவரத்தைத் தடுத்துவிட்டார். அதிகாரிகள் விளக்கம் கேட்டனர். கப்பல்கள் போய்வருவதால் தம் குத்தகை நீரில் மீன் சேரவில்லை. குத்தகைதாரருக்கு வருமானம் வேண்டுமல்லவா என்று விடை வந்தது. முடிவில் அரசு மீன் வரியை நீக்கியது; சங்கிலியும் நீங்கியது என்று வங்காளத்தார் இன்றும் பெருமையோடு சொல்வர்.

இந்நிகழ்ச்சியில் நாம் காண வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ஆறு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை ராணி அரசின் வாயாலேயே கேட்க வைத்தார். ஒருவர் குத்தகை எடுத்து எல்லார் வழியையும் அடைக்கலாகாது என்றால், அரசும் வரி விதித்து ஏழையின் வழியை அடைக்கலாகாது. ஆறு பொது; துறை பொது. இதுதான் வங்காளத்துத் துறைகள் நமக்குச் சொல்லும் முதற்பாடம்.

சீட்டு இக்கரையில், வண்டி அக்கரையில்

இனி நம் தொழிலுக்கு வருவோம். ரயில்வே குடும்பத்தினர் பலர் கூட அறியாத செய்தி இது. 1854 ஆகஸ்டு 15ஆம் நாள் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் வண்டி புறப்பட்டது. 24 மைல் தூரத்தை 91 நிமிடத்தில் கடந்தது. ஏறுவதற்கு 3,000 பேர் விண்ணப்பித்தனர் என்பர். இடம் கிடைத்தவர் மிகச் சிலரே. இந்த வண்டி இன்னும் முன்பே ஓடியிருக்க வேண்டும். பயணப் பெட்டிகளை ஏற்றி வந்த 'குட்வின்' என்னும் கப்பல் கங்கை முகத்துவாரத்தருகே மூழ்கிப் போயிற்று. என்ஜினை ஏற்றிய கப்பலோ வழி தவறி ஆஸ்திரேலியாவுக்குப் போய்த் திரும்பியது. கடைசியில் பெட்டிகளைக் கல்கத்தாவிலேயே செய்துகொண்டார்கள். இங்கே வண்டி ஓடுவதற்கு முன்பே நீரில் அதற்குக் கண்டம் இருந்தது!

வண்டி நின்றது ஹௌராக் கரையில். பயணிகள் இருந்தது கல்கத்தாக் கரையில். நடுவில் பாலம் இல்லை. ஆகவே கம்பெனி தன் கல்கத்தா நிலையத்தை அர்மீனியத் துறையில் வைத்தது. அங்கே சீட்டு வாங்க வேண்டும். கம்பெனியின் படகில் ஏறி ஆற்றைக் கடக்க வேண்டும். பிறகு வண்டியில் அமர வேண்டும். படகுக் கட்டணமும் ரயில் சீட்டிலேயே அடக்கம். தண்டவாளம் இல்லாத நிலையம், இருபது ஆண்டுகள் நடந்தது!

1874இல் பிராட்போர்டு லெஸ்லி அமைத்த மிதவைப் பாலம் திறக்கப்பட்டது. 1,528 அடி நீளம். கப்பல் வரும்போது நடுப்பகுதியைக் கழற்றி வழி விடுவார்கள். அந்நேரம் அலுவலகம் செல்வோரும் மாட்டு வண்டியும் காத்து நிற்கும். மீண்டும் துறைக்கு ஓடிப் படகு பிடிப்போரும் இருந்திருப்பர். 1943 பிப்ரவரியில்தான் இன்றுள்ள ஹௌரா பாலம் வந்தது. அதன் உருக்கு 26,500 டன். அதில் 23,000 டன்னை டாடா ஆலை தந்தது. வடக்கே ஹூக்ளிக்கும் நைஹாட்டிக்கும் இடையே 1887இல் ஜூபிலி ரயில் பாலம் எழுந்தது. 2016இல் அதற்கு ஓய்வு தந்து புதிய 'சம்பிரீதி' பாலத்தில் வண்டிகள் செல்லலாயின.

வடவங்காளம் செல்வோர் பட்ட பாடு இன்னும் பெரிது. 1878 முதல் சியால்தாவில் புறப்பட்டவர் டார்ஜிலிங் போக, தாமுக்தியா துறையில் இறங்கி, பத்மா ஆற்றை நீராவிப் படகில் கடந்து, சாரா துறையில் வேறு வண்டி பிடித்துச் சிலிகுரி சேர்வர். 1915இல் ஹார்டிஞ்சு பாலம் வந்து அந்தத் துயரம் தீர்ந்தது. ஆனால் 1947இல் நாடு பிரிந்தபோது அந்தப் பாலமே அயல்நாட்டுக்குப் போயிற்று. மீண்டும் சக்ரிகலி துறை, மனிஹாரி துறை என்று நம் மக்கள் படகேறினர். சரக்குப் பெட்டிகளும் ஓடத்தில் ஏற்றிக் கடத்தப்பட்டன. பழமொழி நடந்தேறிய இடம் இதுவே. 1971இல் பரக்கா அணையின்மீது ரயில் ஓடிய பிறகே வடக்கும் தெற்கும் ஒரே தண்டவாளத்தில் இணைந்தன. மூத்த ரயில்வேக்காரர் எவரையேனும் நம் விழாவில் காண்பீராயின், மனிஹாரித் துறையைப் பற்றிக் கேளுங்கள். நள்ளிரவில் மணலில் மூட்டையோடு ஓடிய கதையை அவர்கள் விடியும்வரை சொல்வார்கள்.

கண்ணீர் பட்ட படிகள்

துறைகள் மகிழ்ச்சியை மட்டும் கண்டவை அல்ல. 1887 மே 25ஆம் நாள், கல்கத்தாவிலிருந்து பூரி யாத்திரைக்குப் புறப்பட்ட 'சர் ஜான் லாரன்ஸ்' என்னும் நீராவிக் கப்பல் புயலில் சிக்கி மூழ்கியது. சுமார் 750 பேர் மாண்டனர்; அவர்களில் பெரும்பாலோர் ஜகந்நாதரைத் தரிசிக்கச் சென்ற பெண்கள். அவர்கள் நினைவாக ஆங்கிலப் பெண்மணிகள் சிலர் வைத்த கல் சோட்டேலால் துறையில் இன்றும் உள்ளது. பூ வாங்க மல்லிக் துறைக்குப் போகிற நம் வீட்டுப் பெண்கள், அருகிலுள்ள அக்கல்லின்மேல் ஒரு பூ வைத்து வரலாம்.

நம் அலுவலகம் இருக்கும் கார்டன் ரீச் கரையோ வேறொரு துயரத்தைக் கண்டது. 1834இல் 'அட்லஸ்' என்னும் கப்பல் 36 ஒப்பந்தக் கூலிகளைக் கல்கத்தாவிலிருந்து மொரீஷியஸுக்குக் கொண்டு சென்றது. 1873 பிப்ரவரியில் 'லாலா ரூக்' 410 பேருடன் சுரினாம் புறப்பட்டது. ஜூன் மாதம் கரை சேர்ந்தவர் 399 பேர். அடுத்து வந்த ஆண்டுகளில் ஆயிரம் ஆயிரமாக ஏழைகள் இந்தக் கரையிலிருந்து கடல் கடந்தனர். ஊரார் பெயர் தெரியாமல், மொழி தெரியாமல், திரும்பும் நாள் தெரியாமல் படியிறங்கினர். சென்னைத் துறைமுகத்திலும் நாகையிலும் நம் தமிழர் கப்பலேறியதும் இவ்வாறே. இன்று சுரினாம் துறையில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் நிற்கிறது. நாமும் பிழைப்புக்காக ஊரை விட்டவர்களே. ஆனால் நமக்குக் கடிதம் இருந்தது. மெட்ராஸ் மெயில் இருந்தது. கோடை விடுமுறையும் இலவசச் சீட்டும் இருந்தன. அவர்களுக்கு அந்தப் படிகள் மட்டுமே இருந்தன. இதை எண்ணும்போது நம் குறைகள் சிறியவை ஆகின்றன.

மறைந்த நீர்வழிகள்

நகரத்தின் நடுவே ஓடம் ஓடிய காலமும் உண்டு. இன்றைய கிரீக் ரோ தெரு ஒரு காலத்தில் ஓடை. 1737இல் வந்த பெரும்புயலில் அங்கே படகு உடைந்ததால் 'டிங்காபாங்கா' என்று அவ்விடத்துக்குப் பெயர் வந்தது என்பர். காளிகாட் கோயிலின் அடியில் ஓடும் ஆதி கங்கையை மேஜர் டாலி 1777இல் தூர் வாரி ஆழப்படுத்தினார். நெல்லும் வைக்கோலும் தேனும் ஏற்றிய படகுகள் அதன் வழியே கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தன. 2009இல் கரியா வரை மெட்ரோ நீண்டபோது அதன் தூண்கள் அந்த ஆற்றின் நடுவிலேயே ஊன்றப்பட்டன. லேக் மார்க்கெட்டை அடுத்து வாழும் நம் அன்பர்கள் அந்தப் பாலங்களை நாள்தோறும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறார்கள். கங்கையின் பழைய பாதை அது என்று சொன்னால் நம்புவோர் சிலரே.

கானிங் துறைமுகத்தின் கதை வேறு. ஹூக்ளியில் மண் தூர்வதைக் கண்டு அஞ்சிய ஆங்கிலேயர், மாதலா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்ட எண்ணினர். 'சைக்லோன்' என்ற சொல்லை உலகுக்குத் தந்த ஹென்றி பிடிங்டன், புயலலை வந்தால் அந்த இடம் நீரில் மூழ்கும் என்று 1853இலேயே டல்ஹௌசிக்குக் கடிதம் எழுதி எச்சரித்தார். அவர் சொல் எடுபடவில்லை. 1862–63இல் ரயில் பாதையும் போட்டார்கள். 1867இல் புயலும் அலையும் வந்தன. சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது. ரயில் மட்டும் நிலைத்தது. இன்று விடியற்காலை சியால்தா வந்து வீட்டு வேலைக்குப் பரவும் பெண்களைச் சுமந்து வருவது அந்த வழிதான். ஆற்றின் குணம் அறிந்தவன் சொல்லைக் கேளாத அரசுக்கு ஆறே பாடம் சொல்லும்.

துறை தேடுவோர்க்கு

இனி இன்று இருக்கும் துறைகளை வடக்கிலிருந்து தெற்காகக் கூறுவோம். மலைநாட்டில் மிரிக் ஏரியில் படகு உண்டு. சமவெளியில் முர்ஷிதாபாத்தின் லால்பாக்கிலிருந்து பாகீரதியைக் கடந்தால் கோஷ்பாக். அங்கே நவாப் சிராஜ் உத்தௌலாவின் சமாதி. அடுத்து நவத்வீபம், மாயாபூர். சைதன்யர் பிறந்த மண். அதற்குத் தெற்கே சாந்திப்பூருக்கும் கால்னாவுக்கும் இடையே படகு.

பிறகு வருவது ஐரோப்பியர் கரை. பாண்டேலில் போர்த்துகீசியர், சின்சுராவில் 1825 வரை டச்சுக்காரர், சந்தன்நகரில் 1950 வரை பிரெஞ்சுக்காரர், ஸ்ரீராம்பூரில் 1845 வரை டேனியர். ஸ்ரீராம்பூரையும் நம் தரங்கம்பாடியையும் டேனியர் ஒரே ஒப்பந்தத்தில் ஆங்கிலேயருக்கு விற்றனர். ஸ்ரீராம்பூரிலிருந்து அக்கரையில் உள்ள பாரக்பூருக்கு இன்றும் படகு செல்கிறது. தஞ்சை மாவட்டத்து அன்பர்கள் அதில் ஏறும்போது சொந்த ஊர்க் காற்று வீசினாலும் வியப்பில்லை! தட்சிணேசுவரத்திலிருந்து பேலூர் மடத்துக்குப் படகில் செல்வது பாலத்தில் செல்வதிலும் இனிது. தெற்கே டயமண்ட் ஹார்பரிலிருந்து குக்ராஹாட்டி, எட்டாம் லாட்டிலிருந்து சாகர் தீவின் கச்சுபேரியா, கோட்காலியிலிருந்து கோசாபா என்று படகு செல்லும் ஊர்கள் தொடரும். மேற்கே மைதன், முகுட்மணிப்பூர் அணைகளின் நீர்த்தேக்கங்களில் பொழுதுபோக்குப் படகுகள் உண்டு. நகருக்குள் ரவீந்திர சரோவரத்தில் துடுப்புப் போட்டி நடத்தும் கழகங்கள் உள்ளன. கல்கத்தா ரோயிங் கிளப் 1858இல் தோன்றியது.

துறைக்குச் சென்றதும் மூன்றினைப் பார்க்க வேண்டும். முதலாவது, கட்டணப் பலகை. 1885ஆம் ஆண்டு வங்காள ஓடத்துறைச் சட்டம், பொதுத் துறையில் கட்டண விவரத்தை யாவரும் காணும்படி எழுதி வைக்க வேண்டும் என்று விதித்தது. பலகை இருந்தால் அது பொதுத்துறை. அதற்குமேல் கேட்க எவர்க்கும் உரிமை இல்லை. இரண்டாவது, ஓதம். நவத்வீபம் வரை இந்த ஆற்றில் கடலின் ஏற்றவற்றம் உண்டு. ஏற்றத்தை ஜோவார் என்றும் வற்றத்தை பாட்டா என்றும் வங்காளிகள் சொல்வர். நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளித் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஆற்றில் எதிரேறி வரும் பேரலைக்குப் 'பான்' என்று பெயர். மூன்றாவது, படகில் ஏற்றிய ஆள் கணக்கும் மேற்கு வானத்தின் நிறமும்.

இவற்றை அச்சமூட்டச் சொல்லவில்லை. 2016 மே மாதம் கால்னாவில் திருவிழாக் கூட்டம் ஏறிய படகு கவிழ்ந்து பலர் மாண்டனர். 2017 ஏப்ரலில் பத்ரேசுவரத்தை அடுத்த தெலினிபாராவில் மூங்கிலால் கட்டிய தற்காலிக இறங்குமேடை, பான் அலை மோதியபோது சரிந்து பலரைக் கொண்டுபோயிற்று. 2022 மே மாதம் ரவீந்திர சரோவரத்தில் துடுப்புப் பயிற்சியில் இருந்த பள்ளி மாணவர் இருவர் திடீர்ப் புயற்காற்றில் உயிரிழந்தனர். மாண்டவர் பலரும் வேலைக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் சென்ற நம் போன்றோர். பாலத்துக்கு வண்ண விளக்குப் போடப் பணம் இருக்கும்போது, படித்துறைக்கு நல்ல மேடை கட்டப் பணம் இல்லாமற்போவது ஏன்? பாலத்தில் செல்வோர் குரல் எட்டுகிறது. துறையில் நிற்போர் குரல் எட்டுவதில்லை. வசதியுள்ளோர் துறையை விட்டு விலகினால், அதைக் கேட்பார் இல்லாமல் போகும். துறை கெடுவதற்கு வழி இதுவே. நாம் அதைப் பயன்படுத்துவதே அதைக் காப்பதாகும்.

தந்தையார் சென்ற துறை

முடிக்குமுன் நம் சொந்தச் செய்தி ஒன்று. நம் தந்தையார் 1974இல் திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாக ஹௌராவில் வந்து இறங்கியவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே உழைத்து, இங்கேயே ஓய்வு பெற்று, 2009இல் இங்கேயே கண் மூடினார். இறுதிவரை காவிரியைப் பற்றியே பேசியவர். அவருடைய அஸ்தியை அம்மா மண்டபத்துக்குக் கொண்டு போவதா, இங்கேயே கரைப்பதா என்று வீட்டில் பேச்செழுந்தது. "அவர் சாப்பிட்ட சோறு இந்தத் தண்ணியில வெளஞ்சது" என்று அம்மா சொன்னார். அத்தோடு பேச்சு முடிந்தது.

கார்டன் ரீச்சை அடுத்த ஒரு சிறு துறைக்குச் சென்றோம். ஓடக்காரர் முதிய முஸ்லிம். கலயத்தைப் பார்த்ததும் நிலைமை அறிந்துகொண்டார். நாம் உடனே புறப்பட விரும்பினோம். அவரோ நீரைப் பார்த்துவிட்டு, "இப்போது ஜோவார், பாபு. இப்போது விட்டால் உம் தந்தையார் மேற்கொண்டு நகருக்குள் போவார். ஒரு மணி நேரம் பொறுங்கள், பாட்டா தொடங்கட்டும். அப்போது விட்டால் சாகரம் சேர்வார்" என்றார். படியில் அமர்ந்தோம். அருகில் ஒருவர் துணி துவைத்தார். ஒரு சிறுவன் எருமையைக் குளிப்பாட்டினான். எவரும் எங்களை நீங்கள் யார், எந்த ஊர் என்று கேட்கவில்லை. நீர் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு மெல்லத் தெற்கே திரும்பியது. ஓடக்காரர் எழுந்தார். திரும்பி வந்ததும், பேசிய கூலிக்கு மேல் நீட்டிய பணத்தை அவர் வாங்கவில்லை.

"ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார், நான் யார்" என்றும் நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. அன்று அந்தப் படியில் அம்மொழி பொய்த்தது.

அன்பர்களே, நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு, பிள்ளைகளோடு ஒரு துறைக்குச் செல்வோம். பலகையைப் படிக்கக் கற்றுத் தருவோம்; அது வங்காள எழுத்தையும் கற்றுத் தரும். நீச்சல் பழக ஏற்பாடு செய்வோம். துறையில் மேடை உடைந்திருந்தால், சங்கத்தின் பெயரால் நகராட்சிக்கு மனு எழுதுவோம். மனு எழுத நம் போன்ற எழுத்தர்கள் இங்கே நிறையவே இருக்கிறோம். நாம் குடிவந்தவர்கள் என்று ஒதுங்கி நிற்பது போதும். நம் பெற்றோர் கரைந்த ஆறு நமக்கு அயலாறு ஆகாது.

"ஆறு எப்ப வரும்?" என்று கேட்ட சிறுமி இப்போது ஆறாம் வகுப்பு. பாபு துறையில் நின்று, நீரைப் பார்த்து, ஜோவாரா பாட்டாவா என்று நமக்கு முன்னே அவளே சொல்லிவிடுகிறாள்.